டீசல் பிக்கப் என்ஜினின் திறனைக் கூட்டும் முன் போடவேண்டிய கணக்கு

பெட்ரோல் என்ஜினில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் த்ராட்டில் திறந்து கூடுதல் காற்று உள்ளே போகும். அந்தக் காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோல் அளந்து சேர்க்கப்படும். டீசலில் முறை வேறு. சிலிண்டர் ஒவ்வொரு தடவையும் முடிந்த அளவு காற்றை இழுத்துக்கொள்ளும். எவ்வளவு டீசல் பீச்சுவது என்பதை மட்டும் ஆக்சிலரேட்டர் முடிவு செய்யும். புதிய டீசல் வண்டிகளிலும் ஒரு த்ராட்டில் இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் புகைக் கட்டுப்பாட்டு வேலைகளுக்கும் என்ஜினை அதிராமல் அணைப்பதற்கும் வைத்தது.

அப்படியானால் டீசல் என்ஜினில் திறன் கூட்டுவதற்கு என்ன வழி? கூடுதல் டீசல் பீச்சவேண்டும். பழைய மெக்கானிக்கல் பம்ப் வைத்த வண்டியில் ஒரு ஸ்குருவைத் திருப்பினால் ஆயிற்று. கம்ப்யூட்டர் வைத்த வண்டியில் லேப்டாப்பைச் செருகவேண்டும். இரண்டுமே சீக்கிரம் முடிகிற வேலை, வண்டியும் நிஜமாகவே பாயும். இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதால்தான் பலரும் கணக்குப் போடாமல் இறங்கிவிடுகிறார்கள். அப்புறம் ஒரு நீண்ட மேட்டில் பாரம் இழுக்கும்போது கிளட்ச் வழுக்கும், அல்லது சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போகும், அல்லது பிஸ்டனே உருகும்.

கூடுதல் டீசல் எரியக் கூடுதல் காற்று வேண்டும். எரிந்தபின் கூடுதல் வெப்பம் வரும். அந்த வெப்பத்தையும் அழுத்தத்தையும் முறுக்குவிசையையும் தாங்க வண்டியில் பல பாகங்கள் வேண்டும். எனவே திட்டத்தைத் தலைகீழாகப் போடவேண்டும். எந்தப் பாகத்தை வாங்குவது என்று தொடங்காமல், எவ்வளவு திறன் வேண்டும், எதற்கு வேண்டும் என்று தொடங்கிப் பாகத்துக்கு வந்து சேரவேண்டும்.

முதலில் ஒரு எண்

“இன்னும் கொஞ்சம் பவர் இருந்தால் நன்றாயிருக்கும்” என்பது ஆசை. அதைத் திட்டமாக்க ஓர் எண்ணும் ஒரு பயன்பாடும் தேவை.

நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்தப் பத்து விநாடி முழுத்திறன் போதும். இரண்டு டன் டிரெயிலரை மலைப்பாதையில் ஏற்றுகிறவருக்கு அதே முழுத்திறன் கால் மணி நேரம் விடாமல் வேண்டும். எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு வண்டிகள். பத்து விநாடியில் என்ஜினின் உலோகம் சூடேறி முடிவதற்குள் காலை எடுத்துவிடுகிறோம். கால் மணி நேரத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, பிஸ்டன், ரேடியேட்டர், கியர்பாக்ஸ் எண்ணெய் எல்லாமே உச்ச சூட்டுக்குப் போய் அங்கேயே நிற்கும். ஆகையால் பாரம் இழுக்கிறவர் குறைந்த எண்ணைக் குறிவைத்துக் குளிர்விப்புக்கு அதிகம் செலவழிப்பது நல்லது.

திறனுக்கும் டார்க் எனப்படும் முறுக்குவிசைக்கும் உள்ள உறவு ஒரே சூத்திரம்: நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 3000 ஆர்பிஎம்மில் 170 கிலோவாட் வேண்டுமென்றால் அங்கே சுமார் 541 நியூட்டன் மீட்டர் டார்க் இருக்கவேண்டும். இந்த 170 கிலோவாட்டைத்தான், அதாவது ஏறக்குறைய 228 எச்பியைத்தான், கட்டுரை முழுக்க இலக்காக வைத்துக்கொள்ளப் போகிறேன். எடுத்துக்காட்டு என்ஜின் 2.8 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ (எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) உண்டு, இப்போதைய திறன் 133 கிலோவாட். எந்தக் குறிப்பிட்ட வண்டியும் அல்ல. கணக்குப் போட வசதியான அளவு.

இடையில் ஒரு விஷயம். டயரைப் பெரிதாக்கிவிட்டு “வண்டி முன்போல் இழுக்கவில்லை” என்று என்ஜினைத் தேடி வருகிறவர்கள் உண்டு. டயரின் விட்டம் 10 சதவீதம் கூடினால் தரையில் கிடைக்கும் இழுவிசை கிட்டத்தட்ட 9 சதவீதம் குறையும். அதற்கு மருந்து டிஃபரன்ஷியலில் கிரவுன் பினியன் விகிதத்தை மாற்றுவதுதான். என்ஜினைத் தொடவே வேண்டாம்.

இருக்கிற என்ஜின் எப்படி இருக்கிறது

ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய டீசலில், அது புதிதாக இருந்தபோது கொடுத்த திறன் இப்போது இல்லாமலிருக்க நல்ல வாய்ப்புண்டு. டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் ஒரு கீறல் விழுந்தாலே போதும்: காற்று கசியும், இழுவை குறையும், புகை கூடும். அடைத்த டீசல் ஃபில்டர், எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு ஒட்டிக்கொண்டது, கரி படிந்த இன்டேக் மேனிஃபோல்டு, சமமாகப் பீச்சாத இன்ஜெக்டர் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறனைத் தின்றிருக்கும்.

ஆகவே முதல் செலவு சோதனைக்குத்தான். கம்ப்ரெஷன் பார்க்கவேண்டும். இன்டேக் பாதையை அடைத்து உள்ளே காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு தேடவேண்டும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் வண்டியென்றால் இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் அளவை ஒப்பிடவேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நிறையத் திருப்பி அனுப்பினால் அது தேய்ந்துவிட்டது என்று பொருள். டர்போவின் தண்டைக் கையால் அசைத்து ஆட்டம் பார்க்கவேண்டும். இவையெல்லாம் சரியான பிறகு திறன் அளக்கும் கருவியான டைனோவில் ஏற்றி இன்றைய திறனை அளந்து வைத்துக்கொண்டால், பின்னால் செய்கிற வேலை எவ்வளவு கொடுத்தது என்று யாரும் வாயால் சொல்லத் தேவையிருக்காது. பழுதைச் சரிசெய்ததோடு திருப்தியாகி மேம்பாட்டையே கைவிடுகிறவர்களும் உண்டு. அதுவும் நல்ல முடிவுதான்.

அடுத்த செலவும் திறன் தராத ஒன்று: கேஜ்கள். டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் வெப்பநிலை காட்டும் தெர்மோகப்பிள், டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் கேஜ், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் அதன் எண்ணெய் வெப்பநிலை. டேஷ்போர்டில் இருக்கும் கூலன்ட் முள் இதற்குப் போதாது. அந்த முள் ஏறுவதற்கு வெகு முன்பே பிஸ்டன் பாதிக்கப்படலாம். கேஜ் வாங்கப் பணமில்லை, ட்யூனுக்கு மட்டும் இருக்கிறது என்றால் இன்னும் சில மாதம் பொறுக்கலாம்.

காற்றுக் கணக்கு

இந்தப் பகுதியில் பெருக்கல், வகுத்தல் மட்டும்தான். பொறுமையாகப் பார்த்தால் விளம்பரங்களில் வரும் வாக்குறுதிகளில் எது நடக்கும், எது நடக்காது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

நல்ல டர்போ டீசல் முழுத்திறனில் ஒரு கிலோவாட்டை ஒரு மணி நேரம் தர ஏறக்குறைய 220 கிராம் டீசல் எரிக்கும். 170 கிலோவாட்டுக்கு மணிக்கு 37.4 கிலோ, நிமிடத்துக்கு 0.62 கிலோ.

ஒரு கிலோ டீசல் முழுதாக எரியக் கோட்பாட்டளவில் சுமார் 14.5 கிலோ காற்று போதும். நடைமுறையில் போதாது. டீசலும் காற்றும் முன்கூட்டியே கலப்பதில்லை. சூடான காற்றுக்குள் டீசல் துளிகளாகப் பீச்சப்பட்டு, கலந்துகொண்டே எரிகின்றன. நேரம் மிகக் குறைவு என்பதால் ஒவ்வொரு துளிக்கும் ஆக்சிஜன் கிடைக்க வேண்டுமானால் காற்று உபரியாக இருந்தாக வேண்டும். விகிதம் 18-க்குக் கீழே போகப்போகக் கரும்புகை தெரிய ஆரம்பிக்கும். கரும்புகை என்பது எரியாத கார்பன். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல். சிலர் அதை வீரமாக நினைக்கிறார்கள். எனக்கு அது அளவு தெரியாமல் வேலை செய்ததன் அடையாளமாகத்தான் படுகிறது.

நாம் 20 என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் நிமிடத்துக்குச் சுமார் 12.5 கிலோ காற்று வேண்டும்.

இந்தக் காற்று 2.8 லிட்டர் என்ஜினுக்குள் எப்படி நுழையும்? நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவை இழுக்கும். 3000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 4200 லிட்டர். சிலிண்டர் ஒருபோதும் முழுதாக நிரம்பாது; 90 சதவீதம் நிரம்பும் என்று எடுத்தால் 3780 லிட்டர், அதாவது 3.78 கன மீட்டர். 12.5 கிலோ காற்று 3.78 கன மீட்டருக்குள் அடங்க, ஒரு கன மீட்டரில் 3.3 கிலோ காற்று இருக்கவேண்டும். கடல் மட்டத்தில் 50 டிகிரி செல்சியஸ் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1.09 கிலோ. ஆக, காற்றை மூன்று மடங்கு அழுத்தவேண்டும். மூன்று மடங்கில் ஒரு மடங்கு வளிமண்டலம் தானாகக் கொடுப்பது. மீதி இரண்டு மடங்கைத்தான் பூஸ்ட் கேஜ் காட்டும்: 2 பார், அல்லது 29 பிஎஸ்ஐ.

இதே கணக்கை இப்போதைய 133 கிலோவாட்டுக்குப் போட்டால் ஏறத்தாழ 1.4 பார் பூஸ்ட் வருகிறது. திறன் 28 சதவீதம்தான் கூடுகிறது, பூஸ்ட்டோ 40 சதவீதத்துக்கும் மேல் ஏறுகிறது. கேஜ் வளிமண்டலத்தைக் கணக்கில் எடுக்காததால் இப்படி.

மலைப்பகுதியில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு சுமை. 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதே 12.5 கிலோ காற்றைத் தர டர்போ இன்னும் வேகமாகச் சுற்றவேண்டியிருக்கும். கடல் மட்டத்தில் எல்லையை ஒட்டி ட்யூன் செய்த வண்டி அங்கே எல்லையைத் தாண்டிவிடும்.

டர்போ, இன்டர்கூலர், வெளியே போகும் வழி

1.4 பாருக்கு வடிவமைத்த டர்போவிடம் 2 பார் கேட்கலாமா? அதன் கம்ப்ரெசர் மேப்பைப் பார்த்துத்தான் சொல்லமுடியும். மேப் என்பது ஒரு வரைபடம். கிடைக்கோட்டில் காற்றின் அளவு, நிலைக்கோட்டில் அழுத்த விகிதம், நடுவே தீவுகள்போல் செயல்திறன் வளையங்கள். நம்முடைய புள்ளி, நிமிடத்துக்கு 12.5 கிலோ, விகிதம் 3. அது நடு வளையத்துக்குள் விழுந்தால் அந்த டர்போ பொருந்தும். வலது ஓரத்துக்கு வெளியே விழுந்தால் டர்போ சிறிது. தண்டு வரம்புக்கு மேல் சுற்றும், காற்றைவிட வெப்பத்தைத்தான் அதிகம் தரும். இடது கோட்டைத் தாண்டினால் சர்ஜ் வரும்: அழுத்திய காற்று பின்னோக்கித் திமிறி, பேரிங்குகளை அடித்து நொறுக்கும்.

வளையத்துக்கு வெளியே போவதால் என்ன நஷ்டம் என்பதை எண்ணில் பார்க்கலாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதுபோல், அழுத்தினால் காற்று சூடாகும். 25 டிகிரி காற்றை மூன்று மடங்கு அழுத்தும்போது கம்ப்ரெசரின் செயல்திறன் 72 சதவீதம் என்றால் வெளியே வரும் காற்று சுமார் 178 டிகிரி இருக்கும். செயல்திறன் 60 சதவீதமாக விழுந்தால் 208 டிகிரி. சூடான காற்று விரிந்திருப்பதால் கேஜில் 2 பார் என்று காட்டினாலும் உள்ளே ஆக்சிஜன் குறைவு. பூஸ்ட் எண்ணைப் பார்த்து மகிழ்வதில் உள்ள வில்லங்கம் இதுதான்.

இந்தச் சூட்டை இறக்குவது இன்டர்கூலரின் வேலை. மேலே நான் 50 டிகிரி என்று எடுத்துக்கொண்டேனே, அது இன்டர்கூலர் நன்றாக வேலை செய்தால்தான் நடக்கும். அதே அழுத்தத்தில் 178 டிகிரிக் காற்று 50 டிகிரிக்கு இறங்கினால் அடர்த்தி 40 சதவீதம் வரை கூடுகிறது. அதனால் பாரம் இழுக்கும் வண்டிக்கு டர்போவைவிடப் பெரிய இன்டர்கூலர் முதலில் பயன் தரும் என்பது என் கருத்து. அது எதையும் கெடுக்காது, எந்தப் பாகத்துக்கும் சுமை ஏற்றாது. ஒரே ஒரு எச்சரிக்கை: ரேடியேட்டருக்கு முன்னால் அதை மாட்டும்போது ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைத்துவிடக் கூடாது.

பெரிய டர்போ என்றால் பெரிய திறன் என்று நினைத்துத் தேவைக்கு மேல் பெரிதாக வாங்குகிறவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். பெரிய டர்போ சுழன்று எழ நேரம் எடுக்கும். பிக்கப் பெரும்பாலான நேரம் 1500-க்கும் 2500-க்கும் இடையில் ஓடுகிற வண்டி. அந்த இடத்தில் காற்று இல்லையென்றால் பாரத்தோடு நகரும்போது புகையும் எரிச்சலும்தான் மிஞ்சும். வேரியபிள் ஜியோமெட்ரி டர்போ, அதாவது டர்பைன் பக்கம் இறகுகள் அசைந்து வழியைக் குறுக்கிப் பெருக்கும் வகை, இந்தச் சிக்கலை ஓரளவு தீர்க்கிறது. புதிய பிக்கப்புகள் பலவற்றில் அதுதான் இருக்கிறது.

டர்பைனுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் அழுத்தம் எவ்வளவு என்பதும் முக்கியம். அது பூஸ்ட்டை ஒட்டி இருந்தால் நல்லது. பூஸ்ட்டைப்போல் இரண்டு மடங்கு ஆகிவிட்டால் டர்பைன் பக்கம் அடைத்துக்கொண்டிருக்கிறது, என்ஜின் தன் மூச்சை வெளியே விடவே போராடுகிறது என்று பொருள். எக்ஸாஸ்ட் குழாயை அகலமாக்குவது இங்கே கொஞ்சம் உதவும். ஆனால் சைலன்சரை மட்டும் மாற்றிவிட்டு இருபது எச்பி கூடியது என்று சொல்கிறவர்களை நம்பவேண்டாம். கூடியது பெரும்பாலும் சத்தம். ஏர் ஃபில்டர் கதையும் இதேதான். நல்ல காகித ஃபில்டர் இந்த அளவுத் திறனுக்குத் தடையாக இருப்பது அரிது. தூசியை உள்ளே விடும் ஃபில்டர், டர்போவின் இறகையும் சிலிண்டர் சுவரையும் அராவிவிடும்.

எவ்வளவு டீசல், எந்த நேரத்தில்

காற்று தயார். இப்போது ஒரு பீச்சலுக்கு எவ்வளவு டீசல் என்று பார்ப்போம். 3000 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 6000 பீச்சல்கள். 133 கிலோவாட்டில் ஒன்றுக்குச் சுமார் 81 மில்லிகிராம், 170 கிலோவாட்டில் சுமார் 104 மில்லிகிராம்.

கூடுதல் 23 மில்லிகிராமை எப்படிச் சேர்ப்பது? இன்ஜெக்டரை இன்னும் சற்று நேரம் திறந்து வைக்கலாம், ரெயிலின் அழுத்தத்தைக் கூட்டலாம், அல்லது பெரிய துளை நாசில் போடலாம். முதல் வழிக்குப் பாகம் எதுவும் வாங்கவேண்டாம் என்பதால் எல்லோரும் அதைத்தான் முதலில் தொடுவார்கள். அதற்கு ஓர் எல்லை உண்டு. 3000 ஆர்பிஎம்மில் ஒரு மில்லி விநாடிக்குள் கிராங்க் 18 டிகிரி திரும்பிவிடும். ஒன்றரை மில்லி விநாடி பீச்சினால் 27 டிகிரி. அதை 28 சதவீதம் நீட்டினால் 35 டிகிரியை நெருங்கும். அதற்குள் பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கியிருக்கும். தாமதமாக எரியும் டீசல் பிஸ்டனைத் தள்ளாமல் எக்ஸாஸ்டைச் சூடாக்கும். சரி, முன்கூட்டியே பீச்சத் தொடங்கலாமே என்றால், பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே எரிதல் தொடங்கி சிலிண்டருக்குள் அழுத்தம் எகிறும். அந்த அழுத்தம் ஹெட் கேஸ்கட்டையும் கனெக்டிங் ராடையும் போய்த் தாக்கும்.

எனவே ஓர் அளவுக்கு மேல் பெரிய நாசில்தான் நேர்மையான வழி: அதே டீசல், குறைந்த நேரத்தில். பெரிய துளையில் துளிகள் பெரிதாகிவிடக் கூடாது என்பதற்காக அழுத்தத்தையும் விடாமல் வைத்திருக்கவேண்டும். இன்றைய காமன் ரெயில் பம்புகள் 2000 பார் அளவில் வேலை செய்கின்றன. பம்ப் ஈடுகொடுக்காவிட்டால் முழு மிதியில் ரெயில் அழுத்தம் சரியும்; என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான இசியு அதைக் கண்டு வண்டியை முடக்கிப் பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுபோகும். பம்புக்கு முன்னால் டேங்கிலிருந்து தள்ளிவிடும் லிஃப்ட் பம்பையும் ஃபில்டரையும் கவனிக்காமல் உயர் அழுத்தப் பம்பைக் குறைசொல்வது வழக்கமான தவறு.

இவையனைத்தையும் இசியுவில் மாற்றுவதற்கு இரண்டு வழி. ஒன்று, இசியுவின் உள்ளே உள்ள அட்டவணைகளை மாற்றுவது, அதாவது ரீமேப். இன்னொன்று, சென்சார் ஒயருக்கு நடுவே மாட்டும் ட்யூனிங் பாக்ஸ். மலிவான பாக்ஸ்கள் பல, ரெயில் அழுத்த சென்சாரின் சிக்னலைக் குறைத்துக் காட்டி இசியுவை ஏமாற்றுகின்றன. அழுத்தம் குறைவு என்று நம்பி இசியு பம்பை இன்னும் அழுத்தச் சொல்லும். உண்மை அழுத்தம் எவ்வளவு என்று இசியுவுக்கே தெரியாத நிலை. கழற்றுவது சுலபம் என்பதைத் தவிர அதில் எனக்கு நல்லது எதுவும் தெரியவில்லை. ரீமேப்பில் புகை வரம்பு, டார்க் வரம்பு, பூஸ்ட், பீச்சும் நேரம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இசைந்து மாற்றலாம். செய்கிறவர் தெரிந்தவராக இருக்கவேண்டும், அவ்வளவுதான். எக்ஸாஸ்ட் வெப்பநிலை பற்றி நீங்கள் கேட்காமலே அவர் பேசினால் நல்ல அறிகுறி. எச்பி எண்ணை மட்டும் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

வெப்பம்

37 கிலோவாட் கூடுதல் திறனுக்காக எரியும் டீசலில் ஏறக்குறைய 96 கிலோவாட் சக்தி இருக்கிறது. கழித்துப் பார்த்தால் 60 கிலோவாட் அளவு வெப்பம் எக்ஸாஸ்ட் வழியாகவும் கூலன்ட், இன்டர்கூலர் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். பத்து விநாடி என்றால் பொருட்டில்லை. மேட்டில் கால் மணி நேரம் என்றால் பழைய ரேடியேட்டர் திணறும்.

எக்ஸாஸ்ட் வெப்பநிலைக்கு அமெரிக்க டீசல் பிக்கப்காரர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் பொதுவிதி 1250 டிகிரி ஃபாரன்ஹீட்: டர்போவுக்கு முன்னால் தொடர்ந்து இதற்கு மேல் போகக் கூடாது. செல்சியஸில் சுமார் 675. இந்த விதி எல்லா என்ஜினுக்கும் அச்சடித்ததுபோல் பொருந்தாது. ஆனாலும் புதிதாக இறங்குகிறவருக்குப் பாதுகாப்பான வேலி. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில் என்றாலும், பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விப்பதால் உலோகம் வாயுவின் சூட்டை எட்டுவதில்லை. எட்டுவதற்கு வெகு முன்பே அது மிருதுவாகி வலுவிழக்கத் தொடங்கும் என்பதுதான் பயம்.

தெர்மோகப்பிளை டர்போவுக்குப் பின்னால் பொருத்தச் சொல்கிறவர்கள் உண்டு. உடைந்தால் துண்டு டர்பைனில் விழும் என்று காரணம் சொல்வார்கள். பின்னால் பொருத்தினால் டர்பைன் எடுத்துக்கொண்ட வெப்பம் போக மீதியைத்தான் காட்டும். பாரத்தில் அந்த வித்தியாசம் நூறு டிகிரியைத் தாண்டலாம், அதுவும் எப்போதும் ஒரே அளவில் இருக்காது. மேனிஃபோல்டில் பொருத்துவதே சரி.

ஓட்டும்போது முள் ஏறினால் என்ன செய்வது? ஒரு கியர் இறக்குங்கள். ஆர்பிஎம் கூடும், காற்று கூடும், ஒரு பீச்சலுக்குத் தேவையான டீசல் குறையும், வெப்பமும் இறங்கும். உயர்ந்த கியரில் மிதித்துப் பிடிப்பது டீசல் மிச்சம் என்று நினைத்து என்ஜினை வறுப்பவர்கள் நிறைய.

என்ஜினுக்குப் பின்னால் இருப்பவை

கிளட்சுக்குத் திறன் தெரியாது, டார்க்தான் தெரியும். நம் இலக்குக்கு 3000-ல் 541 நியூட்டன் மீட்டர் போதும். ஆனால் ட்யூன் செய்கிறவர் 1800-லேயே 650 கொடுத்தால் வண்டி இன்னும் விறுவிறுப்பாகத் தோன்றும், டைனோ தாளும் அழகாக இருக்கும். அந்த 650-இல் கிளட்ச் வழுக்கும், அதிர்வைத் தணிக்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீல் அடிவாங்கும். கனெக்டிங் ராடுகளுக்கும் ஆகாது. குறைந்த ஆர்பிஎம்மில் பெரிய டார்க் என்றால் ஒவ்வொரு எரிதலிலும் ராடின் மேல் பெரிய அழுத்தம், அதுவும் நீண்ட நேரத்துக்கு. ஆகையால் “கீழே டார்க்கை அடக்கி, மேலே திறனை விடுங்கள்” என்று ட்யூனரிடம் கேட்டுக்கொள்வது காசு செலவில்லாத காப்பீடு. அதே 170 கிலோவாட் கிடைக்கும், கிளட்சும் பிழைக்கும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கவலை டார்க் கன்வர்ட்டரின் லாக்கப் கிளட்சும் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளும். வழுக்கினால் எண்ணெய் கருகும், கருகிய எண்ணெய் மேலும் வழுக்க வைக்கும். தனி ஆயில் கூலர் இங்கே வீண் செலவே இல்லை.

எந்தப் பாகம் முதலில் விட்டுக்கொடுக்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். 1994 முதல் 1998 வரை டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் என்ஜின், பாஷ் நிறுவனத்தின் பி7100 மெக்கானிக்கல் பம்போடு, திறன் கூட்டுகிறவர்களிடையே இன்றும் பெயர் பெற்றது. கீழ்ப்பாகம் அத்தனை உறுதி. ஆனால் அதோடு வந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அந்த உறுதிக்கு ஈடுகொடுக்காது. ஃபோர்டு சூப்பர் டியூட்டியில் 2003-லிருந்து 2007 வரை வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கில் கதை வேறு. அங்கே ஹெட் கேஸ்கட்தான் பலவீனம். பூஸ்ட் கூட்டுகிறவர்கள் ஹெட் போல்ட்டுகளைக் கழற்றி வலுவான ஸ்டட்டுகள் போடுவது வழக்கமாகிவிட்டது. உங்கள் என்ஜினுக்கும் இப்படி ஒரு பலவீனம் நிச்சயம் இருக்கும். அதே என்ஜினைப் பிரித்துப் பிரித்துப் பார்த்த ஒரு மெக்கானிக்கிடம் “இதில் முதலில் எது போகும்?” என்று கேட்டுவிட்டு அப்புறம் பாகம் வாங்கப் போகலாம்.

டிபிஎஃப் பற்றி ஒரு வார்த்தை

புகைத்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரையும் இஜிஆரையும் கழற்றிவிட்டால் திறன் கூடும் என்று சொல்வார்கள். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டத்தின் கீழ் கழற்றுகிறவர்மீதும் அதற்கான கருவி விற்கிறவர்மீதும் நடவடிக்கை உண்டு. சட்டம் போகட்டும், அந்தத் துகள்களை மூச்சில் இழுப்பவர்கள் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள்தானே. காற்று விகிதத்தை 20-க்குப் பக்கத்தில் வைத்து ட்யூன் செய்தால் டிபிஎஃப் இருக்கும்போதே நம் இலக்கு போன்ற மிதமான திறனை எட்ட வழியுண்டு. புகைக்கும் ட்யூன் என்றால் ஃபில்டர் சீக்கிரம் நிறைந்து, அடிக்கடி தன்னைச் சூடேற்றி எரித்துக்கொள்ளும். அப்போது பீச்சப்படும் உபரி டீசலில் ஒரு பகுதி என்ஜின் எண்ணெயில் போய்க் கலக்கும்.

எந்த வரிசையில் செய்வது

சோதனையும் பழுது நீக்கமும் முதலில், கேஜ்கள் அடுத்து. பிறகு குளிர்விப்பு: இன்டர்கூலர், தேவைப்பட்டால் ரேடியேட்டர், கியர்பாக்ஸ் கூலர். கிளட்ச் தேய்ந்திருந்தால் மாற்றும்போதே கூடுதல் டார்க் தாங்கும் வகையைப் போட்டுவிடுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு முறை கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. அதன்பின் மிதமான ரீமேப். இதோடு நிறைய பேருக்குத் தேவை தீர்ந்துவிடும். பெரிய டர்போ, இன்ஜெக்டர், பம்ப், ஸ்டட்டுகள் எல்லாம் அடுத்த கட்டம். அவற்றை ஒன்றொன்றாக வாங்கி மாட்டுவதில் பொருளில்லை. ஒன்றுக்கொன்று பொருந்தும் தொகுதியாகக் கணக்குப் போட்டுச் செய்து, முடிவில் மறுபடி ரீமேப் செய்யவேண்டும். பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்காவது திறன் தராத பாகங்களுக்கு ஒதுக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் இலக்கு எண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ரீமேப் முடிந்த முதல் சில வாரங்களில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவு பாருங்கள். காரணமில்லாமல் குறைந்துகொண்டே வந்தாலோ, ஓடி முடித்து முழுக்க ஆறிய பின்னும் ஹோஸ் விறைப்பாக இருந்தாலோ ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கவேண்டும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மட்டம் ஏறினால் டீசல் கலக்கிறது. உயர்ந்த கியரில் முழுதாக மிதிக்கும்போது வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளட்ச். பூஸ்ட் முன்பைவிடக் குறைந்து, எக்ஸாஸ்ட் வெப்பநிலை கூடியிருந்தால் எங்கோ ஒரு ஹோஸ் கழன்றிருக்கிறது. முதலில் இன்டர்கூலர் கிளாம்புகளைத் தொட்டுப் பாருங்கள்.